தெரு எல்லோருக்கும் பொது!
(திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் வாழ்க்கை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றவுடன் நம்ம கை அண்ணல் அம்பேத்கர், காமராஜர் என்றுதான் எழுதும். அதில் தப்பே இல்லை. ஆனால் நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலேயே பிறந்த ஒருவர், நாம் இன்றைக்குச் சாதாரணமாக நடந்து போகிற தெருவுக்காகவும் தண்ணீர் எடுக்கிற கிணற்றுக்காகவும் சட்டசபையில் போராடியிருக்கிறார். அவரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இந்தச் சிறு முயற்சி.

பிறப்பும் படிப்பும்

மதுராந்தகம் பக்கத்தில் கோழியாளம் என்ற சிறு கிராமம். அங்கே 1859-ல் பிறந்தவர் சீனிவாசன். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் இரட்டைமலை என்பது மலையின் பெயர் இல்லை, அவருடைய அப்பா பெயர். தாழ்த்தப்பட்ட சமூகத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர் கோயம்புத்தூருக்குப் போய்ப் படித்தார்.

அவர் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்கள். அதில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்டவர்கள். தன் ஊர், சாதி, குடும்பம் எதுவும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவர் வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் கூட வந்து பேச முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். 1939-ல் அவரே எழுதி வெளியிட்ட ஜீவிய சரித்திர சுருக்கம் என்ற சின்னப் புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். மதிய இடைவேளையில் ஒருத்தன் தட்டில் இன்னொருத்தன் கை வைக்கிற நமக்கு இதைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது.

பத்திரிகையும் மனுவும்

படிப்பு முடிந்து நீலகிரியில் வெள்ளைக்காரர் கம்பெனியில் சில வருடங்கள் கணக்கர் வேலை பார்த்தார். 1890-ல் சென்னைக்கு வந்தார். அடுத்த வருடமே தன் மக்களுக்காக ஒரு மகாஜன சபை தொடங்கினார். 1893-ல் ஒரு பத்திரிகை. அதற்கு அவர் வைத்த பெயர் பறையன்! எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இழிவு செய்ததோ அந்தப் பெயரையே தலைப்பாகப் போட்டார். பள்ளிக்கூடத்தில் சாதியை மறைத்து ஓடிய பையன், வளர்ந்து அதே பெயரை அச்சில் ஏற்றினான் என்றால் அந்தத் துணிச்சலை என்ன சொல்வது!

அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். பரீட்சை லண்டனில்தான் நடந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடந்தால் இங்கே ஏற்கெனவே மேலே இருப்பவர்களே அதிகாரிகளாக வந்து ஏழை மக்களை இன்னும் அழுத்துவார்கள் என்று சீனிவாசன் எதிர்த்தார். வாயால் மட்டும் எதிர்க்கவில்லை. 3,412 பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்றை இங்கிலாந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்த மனுவின் நீளம் 112 அடி! நம்ம சர்வே பிராக்டிகலில் இழுக்கிற 30 மீட்டர் செயினைவிட நீளம். படிக்காத ஜனங்களிடம் ஒவ்வொரு கையெழுத்தையும் வாங்க எத்தனை சேரி, எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பார்கள்!

1900-ல் வெளிநாடு புறப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் பல வருடங்கள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 1921-ல் ஊர் திரும்பினார்.

1924 தீர்மானம்

1923-ல் அவர் சென்னை சட்டசபை உறுப்பினரானார். அடுத்த வருடம், 1924-ல், அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் இந்தக் கட்டுரைக்கே உயிர். ஊரிலோ நகரத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதற்கும் யாரும் போகலாம். சாதி சொல்லித் தடுக்கக் கூடாது. இவ்வளவுதான் தீர்மானம். அது நிறைவேறி 1925-ல் அரசிதழிலும் வெளிவந்தது. அதே 1924-ல்தான் கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நான் சிவில் டிப்ளமோ மாணவன். ரோடு அகலம் எவ்வளவு, சரிவு எவ்வளவு, ஜல்லி எத்தனை சென்டிமீட்டர் என்றெல்லாம் படிக்கிறோம். அந்த ரோட்டில் யார் நடக்கலாம் என்பதை முடிவு செய்தது இந்த மாதிரி மனிதர்கள்தான்.

பிறகு 1930, 1931 வட்டமேஜை மாநாடுகளுக்கு அம்பேத்கரோடு லண்டன் போனார். 1932 பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். 1945 செப்டம்பர் 18-ல் காலமானார். சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

ஏட்டில் இருந்தால் போதுமா?

அவர் மறைந்து ஐந்து வருடத்தில், 1950 ஜனவரி 26-ல், நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எல்லாம் பொது என்கிறது. 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1924 தீர்மானத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 1955-ல் தண்டனைச் சட்டமும் வந்தது. இன்று டீக்கடையில் சாதி பார்த்துத் தனி டம்ளர் வைத்தாலோ, குழாயில் தண்ணீர் பிடிக்க விடாவிட்டாலோ அது போலீஸ் வழக்கு. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரவேண்டும்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தாமலில் தறிக்குழியில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழிக்கிற எங்க அப்பா, எந்த ஆபீஸுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார். உள்ளே வராதே என்று யாரும் சொல்வதில்லை. அவராகவே நிற்பார். பழகிப்போன பயம்! சட்டம் கதவைத் திறந்துவிட்டது, கால்தான் உள்ளே போக மாட்டேன் என்கிறது. இப்போது நான் கூடப் போகிறேன். மனுவை எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குகிறேன். போன தடவை அப்பாவும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நண்பர்களே! உரிமை என்பது பெரிய பெரிய கோர்ட்டில் மட்டும் இல்லை. தெருக்குழாயில், டீக்கடை பெஞ்சில், ரேஷன் கடை வரிசையில், கிராம சபையில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒவ்வொருவரும் தெரியாத ஒருவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்போம். அதுவே கோழியாளத்துச் சீனிவாசனுக்கு நாம் செய்யும் மரியாதை.