கொட்டியாரக் கரையிலிருந்து வந்தவர்: அமரர் அ. தங்கத்துரை

நம் பள்ளியில் அந்நாளில் படித்த எவரிடமும் தங்கத்துரை என்ற பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு திகதிதான்: 1997 ஜூலை 5, சனிக்கிழமை. அப்போது மேல்வகுப்புகளில் இருந்த எங்களுக்கு, அந்தத் திகதிக்கு முன்னால் அவருக்கு 61 ஆண்டு வாழ்க்கை ஒன்று இருந்தது என்பது வெகுகாலம் தோன்றவே இல்லை. நூற்றாண்டு மலருக்கு நம் மாவட்டத்தின் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த 61 ஆண்டுகளைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தோம்.

அருணாசலம் தங்கத்துரை 1936 இல் பிறந்தவர். ஊர் கிளிவெட்டி. வெளிநாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருகோணமலை நகரிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவின் அக்கரையில் மூதூர் தெரியும். அதற்கும் தெற்கே, உள்நாட்டுப் பக்கமாக, வயலும் குளமும் சூழ்ந்த ஊர் கிளிவெட்டி. கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், போவதுதான் பாடு. ஒன்று ஜெற்றியில் லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். அல்லது கிண்ணியா தொடங்கி ஒவ்வொரு துறையிலும் பாதைக்குக் காத்திருந்து, ஏறி இறங்கிப் போக வேண்டும். கச்சேரிக்கு ஒரு கடிதம் கொடுப்பதென்றாலும், பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டுவருவதென்றாலும் ஒரு முழு நாள் போய்விடும். நகரத்துப் பிள்ளைகளான நாங்கள் அக்கரையைக் கடற்கரையில் நின்று பார்க்கும் காட்சியாகவே அறிந்திருந்தோம். அங்கிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த தோழிகள்தான் அது எவ்வளவு தூரம் என்பதை எங்களுக்குச் சொன்னவர்கள்.

அவருக்கு 20 வயதான 1956 இல், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய கையோடு, தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டியது. பல திசைகளிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாக இங்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. இன்னொரு பக்கம் அல்லைத் திட்டத்தில் குடியேற்றம் நடந்து, கிளிவெட்டியைச் சுற்றிய நிலத்தின் முகம் மாறிக்கொண்டிருந்தது. அந்தத் தலைமுறைக்குக் காணியும் மொழியும் வேறு வேறு கேள்விகளாக இருக்கவில்லை.

அவர் சட்டத்தரணி. எங்கள் அம்மம்மாமார் இந்தச் சொல்லை அறியார்கள். அவர்களுக்குப் பிறக்கிராசியார், அப்புக்காத்தர் என்று இரண்டு வகையினர்தான். 1973 இல் வந்த சட்டத்தோடுதான் அந்தப் பிரிவு போய் எல்லோரும் சட்டத்தரணிகளானார்கள். சிறிய ஊரில் சட்டத்தரணி என்றால் வழக்குப் பேசுபவர் மட்டுமல்லர். காணி உத்தரவுப் பத்திரம் தொலைந்தவர், எல்லைத் தகராறுக்காரர், பின்னாட்களில் மகன் எந்த முகாமில் இருக்கிறான் என்று தெரியாத தாய் என எல்லோரும் தட்டும் கதவு அது. மருத்துவர்களான எங்களுக்கு இது விளங்கும். எங்கள் வாசலுக்கு வருபவர்களும் நோயை மட்டும் கொண்டுவருவதில்லை.

1970 மே தேர்தலில் அவர் தமிழரசுக் கட்சியின் சார்பில் மூதூர்த் தொகுதியில் வென்றார். மூதூர் அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள்; விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே போடலாம். முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த அந்தத் தொகுதியிலிருந்து ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீதும் தங்கத்துரையும் பாராளுமன்றம் போனார்கள். ஒருவர் ஆளும் வரிசையில், மற்றவர் எதிர் வரிசையில். ஐந்து ஆண்டுகளுக்குத் தெரிவான அந்தப் பாராளுமன்றம் 1972 அரசியலமைப்பின் புண்ணியத்தால் ஏழு ஆண்டுகள் நீண்டது.

அந்த ஏழு ஆண்டுகளில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. தமிழ்க் கட்சிகள் அதை எதிர்த்தன. மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றியதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறோம். அதன் பின்னே வந்த மாவட்ட ஒதுக்கீட்டில் திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உண்டு. எங்களில் மருத்துவபீடம் போனவர்கள் அந்தப் பட்டியலுக்கும் கடன்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மையமாகக் கொண்ட அரசியலில், கிளிவெட்டி போன்ற ஊரிலிருந்து போன ஓர் உறுப்பினர் எத்தனை பக்கம் பார்த்துப் பேச வேண்டியிருந்திருக்கும் என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறோம்.

1976 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானம் எடுத்தது. 1977 தேர்தலுக்கு முன் தொகுதிகள் மாற்றி வரையப்பட்டன. சேருவில் தனித் தொகுதியாகப் பிரிந்தது. மூதூர் ஓர் உறுப்பினர் தொகுதியாகச் சுருங்கியது. அங்கே ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஈ. எச். மஹ்ரூப் வென்றார். திருகோணமலைத் தொகுதியில் கூட்டணியின் இரா. சம்பந்தன் வென்றார். தங்கத்துரை மறுபடி பாராளுமன்றம் போக 17 ஆண்டுகள் சென்றன.

அந்த 17 ஆண்டுகளை இங்கே விரித்தால் மலர் போதாது. 1983, 1985, 1987, 1990 என்று ஆண்டுகளைச் சொன்னாலே நம் ஊரவர்களுக்குப் போதும். பலர் அந்த ஆண்டுகளில்தான் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனார்கள். கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் 1989 ஜூலையில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகும் கூட்டணியின் பெயரில் தேர்தலில் நிற்பது என்ன துணிவு என்பதை அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள்தான் அறிவார்கள்.

1994 ஓகஸ்ட் தேர்தலில் அவர் நின்றார். விகிதாசார முறையில் திருகோணமலை மாவட்டத்தில் கூட்டணிக்குக் கிடைத்தது ஓர் ஆசனம். விருப்பு வாக்கில் சம்பந்தனை முந்தி அதைப் பெற்றவர் தங்கத்துரை. நாடு முழுவதும் கூட்டணிக்கு ஐந்து உறுப்பினர்கள்தான். சமாதானப் பேச்சு நடந்த காலம். கொழும்பிலிருந்து சாமான்கள் தடையின்றி வரும் என்று நம்பியிருந்தோம். 1995 ஏப்ரல் 19 இல் நம் துறைமுகத்திலேயே கடற்படைப் படகுகள் இரண்டு தகர்க்கப்பட்டு யுத்தம் மறுபடி தொடங்கியது. ஒரு பக்கம் அதிகாரப் பகிர்வுத் திட்டம் பற்றிக் கொழும்பில் பேச்சு. மறு பக்கம் சுற்றிவளைப்பும் கைதும். உறுப்பினர் ஒருவர் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

1996 பெப்ரவரி 11 இல் குமாரபுரத்தில் படையினர் பொதுமக்கள் 24 பேரைக் கொன்றார்கள். பெண்களும் சிறுபிள்ளைகளும் அதில் அதிகம். குமாரபுரம் கிளிவெட்டிக்கு அடுத்த ஊர். இறந்தவர்கள் அவருடைய அயலவர்கள். வழக்கு எத்தனையோ ஆண்டுகள் இழுபட்டது. 2016 இல் அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. நம் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு அவர் பிரதம விருந்தினராக வந்திருந்தார். அங்கே கைக்குண்டு வீசிச் சுட்டார்கள். அவரும், நம் அதிபர் அம்மாவும், வேறு சிலரும் இறந்தார்கள். அம்மாவைப் பற்றி இங்கே எழுத மாட்டோம்; அவருக்குத் தனிக் கட்டுரை வேண்டும், அதை எழுதத் தகுதியானவர்கள் எங்களுக்கு மூத்த அக்காமார். விடுதலைப் புலிகளே செய்தார்கள் என்று அன்றே ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆனால் தாழ்ந்த குரலில். அடுத்த வாரம் வகுப்புக்குப் போன நாங்களும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு மருத்துவ மாணவிகளாக வெடிகாயத்தைப் பற்றிப் பாடம் படித்தபோதுகூட, ஒரே பள்ளியிலிருந்து போன நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே தவிரப் பேசவில்லை. இந்தப் பத்தியை எழுத எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் எடுத்தன.

அவருடைய ஆசனத்துக்குச் சம்பந்தன் போனார். பதினைந்து நாள் கழித்து, ஜூலை 20 இல், மஹ்ரூப் நிலாவெளிப் பக்கத்தில் கொல்லப்பட்டார். அப்துல் மஜீத் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, 1987 இல், கொல்லப்பட்டிருந்தார். 1970 முதல் மூதூர் மக்கள் வாக்குப் போட்டு அனுப்பிய மூவரையும், கட்சியும் சமயமும் எதுவானாலும், துப்பாக்கியே எடுத்துக்கொண்டது.

இப்போது துறைகளில் பாதை இல்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். மற்றப் பாலங்களும் வந்துவிட்டன. கிளிவெட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறும் தாய்மார் கிளினிக்குக்கு வந்து மத்தியானமே திரும்பிவிடுகிறார்கள். வயதானவர்களிடம் ஊர் எது என்று கேட்டால், கிளிவெட்டி என்று சொல்லிவிட்டு, தங்கத்துரை ஐயாவின் ஊர் என்று தாங்களாகவே சேர்த்துச் சொல்வதுண்டு.

அவர் நம் பள்ளிக்கு வந்த நாட்களின் படங்களோ, விழா அழைப்பிதழ்களோ உங்களில் யாரிடமாவது இருக்கும். புலம்பெயர்ந்தபோது எடுத்துச்சென்ற அல்பங்களில் தேடிப் பாருங்கள். ஒரு பிரதி அனுப்பினால் பழைய மாணவியர் சங்கம் அதைப் பள்ளி நூலகத்தில் சேர்த்துவைக்கும். பின்பக்கத்தில் ஆண்டையும், படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.