அந்துப்பூச்சியில் பறந்த டாட்டா



நம்ம ஆழ்வார்பேட்டைக்கு மேலே விமானம் தாழ்வாகப் போனால் இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் நம்ம ஊருக்கு விமானத் தபால் கொண்டுவர முதன்முதலில் ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? அவர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா.

இவர் 1904 ஜூலை 29 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். சின்ன வயதில் பிரான்ஸ் கடற்கரையில் விமானங்கள் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, நாமும் பறக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

1930-ல் ஒரு போட்டி நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து ஜிப்சி மாத் என்ற குட்டி விமானத்தில் கிளம்பினார். எதிர்த் திசையில் இங்கிலாந்திலிருந்து அஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயதுப் பையன் வந்துகொண்டிருந்தார். வழியில் எகிப்தில் பார்த்தால் அஸ்பி மாட்டிக்கொண்டு நிற்கிறார், மாற்று ஸ்பார்க் பிளக் இல்லை! ஜே.ஆர்.டி. பேசாமல் போயிருந்தால் பரிசு அவருக்குத்தான். அவரோ தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஜெயித்தது அஸ்பி. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் நமது விமானப்படைக்கே தலைமைத் தளபதி ஆனார்!

1932 அக்டோபர் 15. லண்டனிலிருந்து கராச்சி வந்த தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஜே.ஆர்.டி. தன்னந்தனியாகக் கிளம்பினார். விமானத்தின் பெயர் புஸ் மாத். ஒரே ஒரு இன்ஜின், ரேடியோ கிடையாது. அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, மதியம் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து அவர் நண்பர் நெவில் வின்சென்ட் இன்னொரு புஸ் மாத்தில் பெல்லாரி வழியாக மறுநாள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். விமானத் தபால் யோசனையே வின்சென்டுடையதுதான். 1942-ல் போர்க்காலத்தில் அவர் சென்ற விமானம் காணாமல் போய்விட்டது.

மேலே நான் வரைந்திருப்பது புஸ் மாத் படம். மாத் என்றால் அந்துப்பூச்சி. இதைச் செய்த ஆங்கிலேயர் டி ஹாவிலாண்டுக்குப் பூச்சிகள் மேல் பிரியம். நான் முதலில் முன்பக்கக் காற்றாடியைத் தெளிவாக வரைந்துவிட்டேன். பார்த்தால் இன்ஜின் நின்றுபோன மாதிரி இருந்தது! பறக்கும் விமானத்தைப் போட்டோ எடுப்பவர்களும் இதில் கவனமாக இருப்பார்களாம். ஷட்டர் ரொம்ப வேகமாக இருந்தால் காற்றாடி அசையாமல் நிற்பது போல விழும். அதனால் வேகத்தைக் குறைத்து, விமானம் போகிற வேகத்துக்குக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பார்கள். அப்போதுதான் காற்றாடி சுழல்வது தெரியும். நானும் அழித்துவிட்டு வட்டமாக வரைந்தேன்.

அந்தத் தபால் சேவைதான் வளர்ந்து 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1953-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அது ஜே.ஆர்.டி.க்குப் பெரிய வருத்தம். இருந்தாலும் கோபித்துக்கொண்டு ஒதுங்காமல் தலைவராக இருந்து நடத்தினார். 1978-ல் அந்தப் பதவியிலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் என்ன செய்தார் தெரியுமா? 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில், லெப்பர்ட் மாத் என்ற பழைய குட்டி விமானத்தில் மறுபடியும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்து காட்டினார்!

1992-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். 2022-ல் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடமே வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நண்பர்களே, பரீட்சை நேரத்தில் பக்கத்துப் பையன் நோட்டு கேட்டால் நாம் பைக்குள் ஒளித்துவைக்கிறோம். அவன் நம்மைவிட ஒரு மார்க் கூட வாங்கிவிடுவானோ என்று பயம். இனிமேல் அப்படித் தோன்றினால் அந்த ஸ்பார்க் பிளக்கை நினைத்துக்கொள்வோம். போட்டியில் தோற்ற ஜே.ஆர்.டி.யைத்தானே இன்று நாம் எல்லோரும் படிக்கிறோம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்