மாட்டை விற்ற பணத்தோடு ஓடிய பையன்!

ஹூண்டாய் கார் கம்பெனி பிறந்த கதை

தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. முத்துக் குளிக்கிறவர் கயிற்றைப் பற்றிக்கொண்டு கடலில் இறங்குவார். கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்துக்கொண்டு இருப்பார். அவர் அண்ணனும் அல்ல, தம்பியும் அல்ல. மச்சான்! உடன் பிறந்தவளின் தாலி நிலைக்க வேண்டுமே என்ற கவலை அவருக்குத்தானே அதிகம்? கீழே மூச்சு முட்டியதும் கயிறு அசையும். மச்சான் ஒரே இழுப்பாக மேலே இழுத்துவிடுவார்.

கொரியா நாட்டில் ஒரு மனிதர் இருந்தார். அவர் கடலில் குதிக்கவில்லை. கடனில் குதித்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை மூழ்கினார். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அப்படி மேலே வந்தவர்தான், இன்று தமிழ்நாட்டின் தெருவெல்லாம் ஓடுகிற ஹூண்டாய் காருக்கு மூலபுருஷர். அவர் பெயர் சங் ஜூ யங்.

ஏழைக் குடியானவர் மகன்

சங் 1915-ஆம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி பிறந்தார். ஊர் பெயர் ஆசான். கொரியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய சிறு கிராமம். அப்போது கொரியா ஜப்பான்காரர்களுக்கு அடிமைப்பட்டு இருந்தது.

தகப்பனார் குடியானவர். வீடு நிறையப் பிள்ளைகள். சங் தலைப்பிள்ளை. இருட்டில் எழுந்து வயலுக்குப் போவார். இருட்டிய பிறகு திரும்புவார். அவ்வளவு பாடுபட்டும் வயிறு நிறையவில்லை. மூத்த மகன் நிலத்தைக் கட்டிக் காக்க வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. பட்டணத்துக்குப் போய்ப் பிழைக்க வேண்டும் என்பது மகனின் ஆசை.

வீட்டை விட்டு ஓடினார். பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் ஓடினார். மறுபடியும் பிடித்தார்கள். மூன்றாம் தடவை ஒரு காரியம் செய்தார். தகப்பனார் மாட்டை விற்று வைத்திருந்த 70 வோன் பணத்தை எடுத்துக்கொண்டு சியோல் நகரத்துக்கு ஓடினார். அங்கே கணக்கு எழுதும் படிப்பில் சேர்ந்தார்.

தகப்பனார் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அடிக்கவில்லை. மகனை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஆனால் அந்த மாட்டின் நினைவு சங்கின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. சாகும் காலம் வரை அந்த முள் எடுபடவில்லை.

நாலாவது தடவை ஓடியவர் திரும்பவில்லை.

மூட்டைப்பூச்சி சொன்ன பாடம்

இன்சோன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். தொழிலாளர் விடுதியில் படுக்கை. இரவெல்லாம் மூட்டைப்பூச்சிக் கடி! பூச்சிக்குப் பயந்து மேஜை மேல் படுத்தார்கள். மேஜைக் கால் வழியாக ஏறி வந்து கடித்தது. நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். இரண்டு நாள் நிம்மதி. பிறகு மறுபடியும் கடி! விளக்கை ஏற்றிப் பார்த்தார்கள். பூச்சிகள் சுவர் வழியாகக் கூரைக்கு ஏறி, அங்கிருந்து மேஜை மேல் குதித்துக்கொண்டு இருந்தன!

ஒரு பூச்சியே இத்தனை பாடுபடும்போது மனிதன் சோர்ந்துவிடலாமா என்று சங் எண்ணினார். பெரிய முதலாளி ஆன பிறகும் தம் ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி வந்தார்.

பிறகு சியோலில் ஓர் அரிசிக் கடையில் வேலை கிடைத்தது. சைக்கிளில் அரிசி கொண்டுபோய் வீடுகளுக்குப் போட வேண்டும். அவருக்குச் சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியாது. முதல் நடையிலேயே மழைச் சேற்றில் அரிசியோடு விழுந்தார். இரவில் தூங்காமல் ஓட்டிப் பழகினார். கடையைச் சுத்தம் செய்தார். கணக்கை ஒழுங்காக எழுதினார். கடைக்காரருக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது. 1938-ல் கடையை அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்.

நல்ல வியாபாரம். ஆனால் யுத்தத்துக்காக ஜப்பான் சர்க்கார் அரிசிக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 1939-ல் கடை மூடப்பட்டது.

நெருப்பில் விழுந்த முதல்

1940-ல் கடன் வாங்கி, மோட்டார் ரிப்பேர் பட்டறை ஒன்றை வாங்கினார். சில வாரங்கள்கூட ஆகவில்லை. பட்டறை தீப்பிடித்தது. ரிப்பேருக்கு வந்திருந்த பிறர் கார்களும் எரிந்து சாம்பலாகிவிட்டன!

கடன் கொடுத்தவரிடமே மறுபடியும் போய் நின்றார். அடமானம் வைக்க ஒன்றும் இல்லை. மனிதரின் முகத்தையே அடமானமாகப் பிடித்துக்கொண்டு, கடன்காரர் இரண்டாம் முறையும் பணம் கொடுத்தார்.

புதுப் பட்டறையில் சங் ஒரு வழி கண்டுபிடித்தார். மற்றப் பட்டறைக்காரர்கள் சின்னப் பழுதைப் பெரிதாகச் சொல்லி நாள் கடத்துவார்கள். சங் மூன்றே நாளில் காரைத் திருப்பிக் கொடுத்தார். கூலி அதிகம்தான். ஆனால் கார்க்காரருக்கு வேண்டியது கார் அல்லவா? கூட்டம் வந்தது, கடன் அடைந்தது.

1943-ல் ஜப்பான் சர்க்கார் அந்தப் பட்டறையையும் வேறு கம்பெனியோடு கட்டாயமாக இணைத்தது. 1945-ல் கொரியா விடுதலை பெற்றது. 1946-ல் சங் மீண்டும் பட்டறை திறந்து, அதற்கு ஹூண்டாய் என்று பெயர் வைத்தார். நவீன காலம் என்பது அந்தச் சொல்லின் பொருள். மறு வருஷம் கட்டட வேலைக் கம்பெனியும் தொடங்கினார்.

மச்சான் விற்ற வீடு

1950-ல் வடகொரியாவுக்கும் தென்கொரியாவுக்கும் போர் மூண்டது. போர் ஓய்ந்தபோது நாடு இரண்டாகவே நின்றது. சங் பிறந்த கிராமம் வடக்கே போய்விட்டது. மாட்டுப் பணத்தைத் திருப்பித் தரவும் வழியில்லை. ஊர் மண்ணை மிதிக்கவும் வழியில்லை.

தெற்கே கோர்யோங் என்ற இடத்தில் பாலம் கட்ட ஒப்பந்தம் எடுத்தார். ஆற்று வெள்ளம் தூண்களைச் சாய்த்தது. சாமான்களின் விலை மளமளவென்று ஏறியது. வேலையை விட்டுவிடும்படி பலர் யோசனை சொன்னார்கள். விட்டால் பெயர் போய்விடும் என்று சங் மறுத்துவிட்டார். தம்பிகள் வீட்டை விற்றார்கள். தங்கை புருஷனும் தம் வீட்டை விற்றுப் பணம் கொடுத்தார். அங்கேயும் மச்சான்தான் கயிற்றைப் பிடித்தார்!

1955-ல் பாலம் முடிந்தது. ஒப்பந்தத் தொகையைவிட நஷ்டம் அதிகம். ஆனால் வாக்குத் தவறாதவர் என்ற பெயர் நிலைத்தது. அதன் பிறகு சர்க்கார் வேலைகள் தேடி வந்தன. சியோலையும் பூசானையும் இணைக்கும் 428 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஒரு பெரும் பகுதியை அவர் கம்பெனி போட்டது. 1970-ல் முடிந்த அந்தச் சாலை வேலையில் 77 பேர் உயிர் இழந்தார்கள். அவர் காலத்து வேகத்துக்குத் தொழிலாளர்கள் கொடுத்த விலை அது.

கடற்கரைப் படமும் கப்பலும்

சங்குக்குக் கப்பல் கட்ட ஆசை வந்தது. கையில் இருந்தது உல்சான் ஊர்க் கடற்கரையின் போட்டோப் படம் ஒன்றுதான். 1971-ல் லண்டனுக்குப் போனார். கப்பலே கட்டாதவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? சங் பையிலிருந்து 500 வோன் நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் ஆமை வடிவப் போர்க்கப்பலின் படம் இருந்தது. 1592-ல் ஜப்பான் படையை விரட்டிய கப்பல் அது. பிறகு லண்டன் பாங்கியில் கடனுக்கு வழி பிறந்தது. கிரேக்கக் கப்பல் முதலாளி லிவானோஸ், 2 லட்சத்து 60 ஆயிரம் டன் எண்ணெய்க் கப்பல்கள் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்தார். கப்பல் பட்டறை ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்தே கட்டினார்கள்!

1974 ஜூன் 28-ல் உல்சான் கப்பல் பட்டறை திறக்கப்பட்டது. இரண்டே வாரம் கழித்து, ஜூலை 11-ந் தேதி, தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. இப்போது அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர்.

வ.உ.சி.யும் ஊர் ஊராகப் பங்கு திரட்டித்தான் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். துணிச்சலில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்ல. ஆனால் அன்று ஆண்டவன் வெள்ளைக்காரன். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்டது. 1908-ல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள். கம்பெனி அழிந்தது. சங்குக்குச் சொந்த நாட்டு சர்க்கார் முதுகைத் தாங்கியது. சுதந்திரம் இருந்தால் ஒரு வியாபாரி என்ன செய்யலாம், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு கதைகளே சாட்சி.

சொந்தக் கார்

1967-ல் ஹூண்டாய் மோட்டார் கம்பெனி தொடங்கியது. மறு வருஷம் அமெரிக்க போர்டு கம்பெனியின் கார்ட்டினா காரை உல்சானில் பூட்டி விற்றார்கள். அப்போது கொரியாவில் பெரும்பாலும் மண் சாலைகள். கார் தாங்கவில்லை. வாங்கியவர்கள் மனம் நொந்தார்கள்.

போர்டு கம்பெனியோடு கூட்டுச் சேரும் பேச்சும் 1973-ல் முறிந்தது. சங் கலங்கவில்லை. சொந்தக் கார் செய்வது என்று தீர்மானித்தார். தம்பி சே யங் அந்தப் பொறுப்பை ஏற்றார். இங்கிலாந்திலிருந்து டர்ன்புல் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். இத்தாலியின் ஜுஜாரோ கார் உருவத்தை வரைந்து கொடுத்தார். எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனியுடையது. இப்படிப் பிறந்ததுதான் போனி. கொரியாவின் முதல் சொந்தக் கார்! 1976-ல் அது விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் கடல் கடந்து ஈக்வடார் நாட்டுக்கும் போயிற்று.

வந்த பழியும் போன பழியும்

1986-ல் எக்சல் என்ற கார் அமெரிக்காவில் இறங்கியது. விலை மிக மலிவு. ஒரே வருஷத்தில் 1,68,882 கார்கள் விற்றன. கம்பெனி ஆனந்தக் கூத்தாடியது.

ஆனால் மலிவு சில வருஷங்களில் பல்லை இளித்தது. கார்கள் அடிக்கடி பழுதாயின. துருப்பிடித்தன. விதூஷகர்கள் ஹூண்டாய் பெயரைச் சொல்லியே சிரிப்பு மூட்டினார்கள். பாலத்துக்காக வீட்டை விற்றுக் காப்பாற்றிய பெயர், காரில் கெட்டது!

அந்தப் பழியைத் துடைக்க நெடுநாள் பிடித்தது. 1998-ல் கம்பெனி ஒரு வாக்குறுதி கொடுத்தது. எஞ்சினுக்கும் கியருக்கும் 10 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் வரை பழுது வந்தால் தன் செலவிலேயே சரி செய்து தருவதாகச் சொன்னது. சங்கின் மகன் மோங் கூ பொறுப்புக்கு வந்து, தரத்தில் கண்ணாக இருந்தார்.

தமிழ்நாட்டில்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை எழுந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. உயரமான கூரையைப் பார்த்து முதலில் பலர் முகம் சுளித்தார்கள். வாங்கியவர்களோ வேறு விதமாகப் பேசினார்கள். வயதானவர்கள் குனியாமல் ஏறலாம். பெண்கள் பட்டுப் புடவை கசங்காமல் உட்காரலாம். கொளுத்தும் வெயிலில் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது என்றார்கள். முகம் சுளித்தவர்களும் வாங்கினார்கள்.

குறையும் வந்தது. 2014-ல் குளோபல் என்காப் என்ற அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் இந்தியாவில் விற்ற ஐ-10 கார் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதே அமைப்பின் சோதனையில் 2023-ல் வெர்னா கார் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2022-ல் ஹூண்டாய், கியா குழுமம் விற்பனையில் உலகின் மூன்றாம் இடத்துக்கு வந்தது.

ஆயிரத்தொரு மாடுகள்

இனி அந்த மாட்டின் கதை!

சங் தென்கொரியாவின் பெரும் பணக்காரர் ஆனார். 1992-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். கடலைத் தூர்த்து உண்டாக்கிய சோசான் நிலத்தில் பெரிய பண்ணை வைத்தார். அங்கே மாடுகளை வளர்த்தார்.

1998 ஜூன் 16-ந் தேதி. சங்குக்கு வயது 82. அந்தப் பண்ணை மாடுகளில் 500-ஐ லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பீரங்கிகள் முறைத்துக்கொண்டு நிற்கும் பன்முன்ஜோம் எல்லையைத் தாண்டி வடகொரியாவுக்குப் போனார். அங்கே ஜனங்கள் பஞ்சத்தில் வாடிக்கொண்டு இருந்த நேரம். அக்டோபரில் மறுபடியும் போனார். இந்தத் தடவை 501 மாடுகள். மொத்தம் 1,001!

ஒரு மாடு அசல். ஆயிரம் மாடு வட்டி என்று மக்கள் கணக்குச் சொன்னார்கள். மாட்டைப் பறிகொடுத்த தகப்பனார் உயிரோடு இல்லை. ஆனாலும் மகன் கடனைத் தீர்த்துவிட்டார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு நிம்மதி இல்லை. சொத்துக்காகப் பிள்ளைகள் மோதிக்கொண்டார்கள். 2000-ல் கார் கம்பெனி தனியாகப் பிரிந்தது. 2001 மார்ச் 21-ல் சங் தமது 85-ஆம் வயதில் காலமானார். துக்கம் கேட்க வடகொரியாவும் ஆள் அனுப்பியது.

அவர் கட்டிய கம்பெனியைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆனால் கடனை வாங்கியவன் திருப்பித் தர வேண்டும் என்ற அவர் எண்ணத்தைப் பங்கு போட முடியாது. அது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய சொத்து.