தேய்ந்த மண்ணுக்கு வைத்தியம் பார்த்தவர்



அடைமழை விட்ட மறுநாள் காலையில் காட்டுக்குப் போகும்போது, கானில் ஓடுகிற தண்ணீரைக் கவனித்திருப்பீர்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கி ஓடும். நாமும் சப்பாத்தில் ஒட்டிய சகதியை உதறிவிட்டு நடந்துவிடுவோம். ஆனால் அது வெறும் சகதி இல்லைங்க. மரத்துக்குச் சோறு போடுகிற மேல்மண்! ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டு பிடிக்கும். சரிவில் மண் வெறுமையாகக் கிடந்தால், அது கழுவிக்கொண்டு போகச் சில மழைக்காலமே போதும்.

இந்தக் கலங்கல் தண்ணீரைப் பார்த்து வயிறு எரிந்த ஒரு மனிதர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அடிமைத் தாய்க்குப் பிறந்த கறுப்பின மனிதர். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். வேர்க்கடலையில் முந்நூறு பொருள் செய்து காட்டியவர் என்று உங்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கலாம். ஆனால் கடலை அவர் கதையின் வால்தான். கதையின் தலை மண்ணில் இருக்கிறது.

குதிரைக்கு மாற்றிய குழந்தை

கார்வர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. 1864-ஐ ஒட்டி, மிசூரி மாநிலத்தில் டயமண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்காரரின் பண்ணையில் பிறந்தார். தாய் மேரி அந்தப் பண்ணையின் அடிமை. ஆடு மாடு பிறந்தால்கூடக் கணக்கில் எழுதுவார்கள். அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யார் எழுதி வைத்தார்?

கைக்குழந்தையாக இருக்கும்போதே, ஓர் இரவு கொள்ளைக் கூட்டம் வந்து தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது. அதற்குக் கூலியாக ஒரு பந்தயக் குதிரையைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். தாயை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

1865-இல் மிசூரியில் அடிமைமுறை ஒழிந்தது. பிள்ளையில்லாத கார்வர் தம்பதிகளே ஜார்ஜை வளர்த்தார்கள். நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு உடம்பு ஒத்துவராது. சமையல், தையல், சலவை என்று வீட்டு வேலை கற்றான். மற்ற நேரமெல்லாம் காட்டில்தான். வாடிய செடியைக் கொண்டுவந்து கொடுத்தால், மண்ணை மாற்றி, நிழலை மாற்றித் தழைக்க வைத்துவிடுவான். அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியன் என்றே அழைத்தார்கள்.

துணி வெளுத்துப் படித்த படிப்பு

அந்த ஊர்ப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை. சிறுவன் ஜார்ஜ் பல மைல் நடந்து நியோஷோ என்ற ஊருக்குப் போனான். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற அம்மாள் அவனுக்கு இடம் கொடுத்தார். மருத்துவச்சி வேலையும் சலவை வேலையும் செய்து பிழைத்த அம்மாள். படித்த படிப்பை நம் சனங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளையின் மனத்தில் ஊன்றியவர் அவர்தான் என்பார்கள்.

பிறகு கான்சாஸ் மாநிலம். 1879-இல் ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் ஒரு கறுப்பின மனிதரை வெள்ளைக் கும்பல் கொன்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்த ஊரையே விட்டு ஓடினார். ஹைலண்ட் என்ற கல்லூரி தபாலில் இடம் கொடுத்தது. நேரில் போய் நின்றதும், நிறத்தைப் பார்த்துக் கதவை மூடியது. மனம் உடைந்தவர் 1886-இல் கான்சாஸ் புல்வெளியில் நிலம் பிடித்து, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டி, 17 ஏக்கரை உழுது பயிர் வைத்தார்.

1890-இல் அயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓவியமும் இசையும் படித்தார். சாப்பாட்டுக்கு மற்ற மாணவர்களின் துணியை வெளுத்தார். செடிகளை அவர் தீட்டுவதைப் பார்த்த ஆசிரியை, விவசாயப் படிப்புக்குப் போகும்படி வழி காட்டினார். 1891-இல் ஏம்ஸ் நகர விவசாயக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். 1894-இல் பட்டம், 1896-இல் மேல்பட்டம்!

பருத்தி தின்ற மண்

அந்த 1896-ஆம் ஆண்டிலேயே ஓர் அழைப்பு வந்தது. அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்ற இடத்தில், புக்கர் வாஷிங்டன் என்பவர் கறுப்பின மக்களுக்காக 1881 முதல் பள்ளி நடத்தி வந்தார். அவரும் அடிமையாகப் பிறந்தவர். விவசாயப் பகுதியை நடத்த வரும்படி கூப்பிட்டார். கார்வர் ரயில் ஏறினார்.

சன்னல் வழியாகக் கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. எங்கு பார்த்தாலும் பருத்தி. குடிசையின் வாசற்படி வரைக்கும் பருத்தி. ஒரு கத்தரிச் செடி, ஒரு கீரைப் பாத்தி வைக்க இடமில்லை. மண்ணோ வெளிறிக் கிடந்தது. சரிவுகளில் மழைநீர் அறுத்த பள்ளங்கள் ஆறாத புண்ணைப் போல் வாய் பிளந்து கிடந்தன. பக்கத்து ஜார்ஜியா மாநிலத்தில் இப்படி வயலில் தொடங்கிய அரிப்பு 150 அடி ஆழம் வரை போய்விட்டது. இன்றைக்கும் பிராவிடன்ஸ் கேன்யன் என்ற பெயரில் அதைச் சுற்றுலாக்காரர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள். இயற்கை செய்த பள்ளத்தாக்கு இல்லை அது; மனிதன் உழுத உழவு!

எப்படி வந்தது இந்தக் கேடு? பருத்தி வரிசைக்கு இடையில் புல் இருக்கக்கூடாது என்று மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வைப்பார்கள். பஞ்சு எடுத்த பிறகு நிலம் மொட்டையாகக் கிடக்கும். குளிர்கால மழை நேராக மண்ணில் அடிக்கும். மக்கு நிறைந்த மேல்மண் முதலில் போகும். அடியில் இருக்கிற சிவப்புக் களிமண் இறுகிப்போகும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது. இறங்காத தண்ணீர் இன்னும் வேகமாக ஓடும். இன்னும் மண்ணை அறுக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே பயிர் அதே சத்தை உறிஞ்சும்.

இதெல்லாம் உழவனுக்குத் தெரியாதா? கண்ணுக்கு முன்னால் நடக்கிறதே! ஆனால் அவன் கையில் என்ன இருந்தது? நிலம் முதலாளியுடையது. விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் வைக்கும் வாரக்குடி அவன். விதை, மாவு, உப்பு எல்லாம் கடைக்காரனிடம் கடன். அந்தக் கடனுக்கு ஈடு, இன்னும் விளையாத பருத்தி. ஆகவே பருத்திதான் போட வேண்டும். மண் இளைக்க இளைக்க விளைச்சல் குறையும், கடன் ஏறும், கடன் ஏற ஏற இன்னும் பருத்தி. மண்ணும் மனிதனும் ஒரே கணக்குப் புத்தகத்தில் தேய்ந்தார்கள்.

காசில்லாத உரம்

பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஒன்றும் இல்லை. கார்வர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பை மேட்டுக்குப் போனார். உடைந்த போத்தல், பழைய விளக்கு, தகர டப்பா எல்லாம் பொறுக்கி வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். சோதனைக்குக் கிடைத்த நிலமும் ஒன்றுக்கும் உதவாத நிலம்தான்.

கடையில் வாங்கும் உரத்தை அவர் நம்பியிருக்க முடியாது. ஏழை உழவனிடம் காசு ஏது? அதனால் காசில்லாமல் கிடைப்பதைத் தேடினார். காட்டில் உதிர்ந்த இலை, சதுப்பு நிலத்துக் கரும்சேறு, தொழுவத்துச் சாணம். இவற்றை மக்க வைத்து நிலத்தில் போட்டார். ஆழ உழுது தண்ணீரை உள்ளே இறக்கினார்.

அடுத்தது பயிர் மாற்று. பருத்தி எடுத்த நிலத்தில் தட்டைப்பயறு போட்டார். பயறு இனத்தின் வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர், காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடியை மடக்கி உழுதால் அது மண்ணுக்குப் போகும். பயறு வீட்டுக்குச் சோறு, கொடி மாட்டுக்குத் தீனி, வேர் மண்ணுக்கு உரம். மேலே படர்ந்த இலை, மழை அடிக்காமல் மண்ணுக்குக் குடை பிடிக்கும். சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் பின்னால் சேர்ந்தன.

1905-இல் தேய்ந்த மண்ணைத் தேற்றுவது எப்படி என்று ஒரு சிறு வெளியீடு எழுதினார். எளிய பேச்சு, பெரிய சொல் கிடையாது. 1936-இல், முதுமையிலும், மண் வளத்தைக் காப்பதைப் பற்றியே மறுபடி ஒரு வெளியீடு எழுதினார். முப்பத்தோராண்டு கழித்தும் அதே கவலை!

படிக்கத் தெரியாதவர்களுக்கு? 1906-இல் ஒரு கோவேறு கழுதை வண்டி தயாரானது. நியூயார்க் செல்வர் ஜெசப் பணம் கொடுத்ததால் ஜெசப் வண்டி என்று பெயர். கலப்பை, விதை, மண் மாதிரிகளை ஏற்றிக்கொண்டு வண்டி குடிசை குடிசையாகப் போனது. உழவன் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி உழவனிடம் போகட்டும் என்பதே திட்டம்.

வண்டு சொன்ன பாடம்

நல்லவன் சொல்லிக் கேட்காததை வண்டு வந்து சொன்னது. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு 1892-இல் டெக்சாஸில் நுழைந்து, 1910 வாக்கில் அலபாமாவை எட்டியது. ஒரே பயிரை நம்பியவர்கள் ஓட்டாண்டி ஆனார்கள். வேறு வழியில்லாமல் பலர் கடலைக்கு மாறினார்கள். என்டர்பிரைஸ் என்ற ஊரார், தங்களைப் பருத்தியிலிருந்து விடுவித்ததற்காக 1919-இல் அந்த வண்டுக்கே நினைவுச் சின்னம் வைத்தார்கள் என்றால் பாருங்களேன்!

விளைந்த கடலையைத் தின்னவும் விற்கவும் வழி வேண்டாமா? அதற்குத்தான் 1916-இல் கடலையில் 105 சமையல் முறைகளை எழுதினார். 1921-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கடலை விவசாயிகளுக்காகப் பேசினார். பத்து நிமிடம் என்றுதான் கொடுத்தார்கள். கேட்கக் கேட்க நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். அன்றுமுதல் உலகம் அவரைக் கடலைக்காரர் ஆக்கிவிட்டது. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்றுகூடச் சொல்கிறார்கள்; அது உண்மையில்லை. அவர் செய்து காட்டிய பொருள்களில் பெரும்பாலானவை சந்தைக்கு வரவே இல்லை. கடலையையே ஆண்டுதோறும் போட்டாலும் மண் கெடும். செடியை வேரோடு பிடுங்குகிற பயிர் அது. பயிரை மாற்றி மாற்றிப் போடு என்பதுதான் அவர் பாடம்.

அவரால் முடியாதது

உள்ளதைச் சொல்ல வேண்டும். கார்வர் வழியில் எல்லாரும் போய்விடவில்லை. இந்த ஆண்டு நான் இலை கொட்டித் தேற்றிய நிலத்திலிருந்து அடுத்த ஆண்டு முதலாளி என்னை இறக்கிவிட்டால்? மண் தேற மூன்று நாலு வருடம் ஆகுமே, கடைக்காரன் அதுவரை பொறுப்பானா? வாரக்குடியின் இந்தக் கேள்விக்குக் கார்வரிடம் பதில் இல்லை. நிலம் யாருக்கு என்ற சண்டையில் அவர் இறங்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு.

டஸ்கிகிக்குப் பக்கத்திலேயே அரித்துப் பாழான நிலங்களை 1930-களில் அரசாங்கம் விலைக்கு வாங்கி மரம் நட வேண்டியிருந்தது. இன்று அது தேசியக் காடு. மண் காக்கத் தனிச் சட்டமும் 1935-இல்தான் வந்தது. தனி மனிதன் கைமண்வெட்டி மட்டும் போதாது. நிலச் சொந்தக்காரனும் அரசாங்கமும் கூடப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

கார்வர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடியுமுன் காட்டுக்குப் போய்ச் செடி பார்ப்பதும், ஒட்டுப்போட்ட கோட்டில் ஒரு பூவைச் செருகிக்கொள்வதும் அவர் வழக்கம். தம் சேமிப்பை 1940 முதல் ஓர் ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்தார். 1943 ஜனவரி 5-ஆம் நாள் காலமானார். புக்கர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டில் அவர் பிறந்த பண்ணையை அமெரிக்க அரசாங்கம் தேசிய நினைவிடமாக அறிவித்தது. குதிரைக்கு மாற்றப்பட்ட பிள்ளை பிறந்த மண்!

நம்ம காட்டில்

அலபாமா எங்கே, நாம் எங்கே என்று நினைக்காதீர்கள். மலாயாவில் ரப்பர் வந்த புதிதில், புல் பூண்டு இல்லாமல் சுத்தமாகச் சுரண்டி வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம். நம்ம தாத்தா பாட்டிகள் வெட்டிச் சுரண்டிய காடுகளில் மேல்மண் ஆற்றோடு போனது. பிறகுதான் பாத்தி வெட்டு, மண்குழி, இளங்கன்றுக்கு நடுவில் படரவிடும் மூடுகொடி எல்லாம் வந்தன. அந்த மூடுகொடியும் கார்வருடைய தட்டைப்பயறும் ஒரே பயறு இனம். வேரில் அதே முடிச்சு. செம்பனைக் காட்டில் மட்டையை வெட்டி வரிசைக்கு நடுவில் அடுக்கச் சொல்கிறார்களே, அதுவும் இதற்குத்தான்.

மண் நம்ம பேரில் இல்லை, உண்மைதான். அந்த வாரக்குடிக்கும் நிலம் அவன் பேரில் இல்லை. ஆனால் மண் தேய்ந்தபோது முதலில் பட்டினி கிடந்தவன் அவன்தானே? காய்ப்புக் குறைந்தால் நம்ம கூலிக் கணக்கும் குறையும். மண் இறங்கினால் நம்ம ஆறும் கலங்கும்.

அடுத்த தடவை மட்டை அடுக்கும்போது சரிவுக்குக் குறுக்காக அடுக்குங்கள். ஒரு மூடுகொடியைப் பிடுங்கி வேரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தச் சின்ன முடிச்சைக் காட்டி, தாய் முகம் பார்க்காத ஒரு பிள்ளையின் கதையையும் சொல்லுங்கள்.