ஆங்கிலம் கற்றார், தமிழைத் தந்தார் - தவத்திரு தனிநாயகம் அடிகளார் வாழ்க்கை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலையும் துடுப்பும் தாங்கி வாழும் நம் இல்லங்களிலிருந்து இன்று பிள்ளைகள் பொன்னேரிக்கும் சென்னைக்கும் கல்லூரிப் படிப்புக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஆங்கில இலக்கியம் படிக்கப் போவதாகச் சொன்னால், பெற்றோர் மனத்தில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. கதையும் கவிதையும் படித்தால் கஞ்சிக்கு வழி உண்டா என்பது ஒன்று. அந்நிய மொழியில் தேர்ந்த பிள்ளை நம் பேச்சையும் நம் குப்பத்தையும் இழிவாக எண்ணி விலகிப் போய்விடுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சத்துக்குக் காலமும் உழைப்பும் விடை சொல்லும். இரண்டாவது அச்சத்துக்கு ஒரு குருவானவரின் வாழ்க்கையே விடையாக நிற்கிறது. அவரே தமிழுலகம் தமிழ்த்தூதர் எனப் போற்றும் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். இந்த ஜூபிலி மலரில் அன்னாரை நம் பங்கு மக்களுக்கு நினைவூட்டுவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

பிறப்பும் இளமையும்

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பன் என்னும் சிற்றூரில் பிறந்தார். நம் ஊரைப் போலவே அதுவும் நீர் சூழ்ந்த இடம். ஒருபுறம் கடல், மறுபுறம் கழி, கரையெங்கும் பனைமரங்கள். ஊர்காவற்றுறையில் தொடக்கக் கல்வி பெற்றபின், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் அத்தகைய கல்லூரிகளில் பாடமொழி ஆங்கிலமே. ஆங்கிலத்தில் சிந்தித்து, ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் தேர்வு பெறுவதே கல்வி எனக் கொள்ளப்பட்டது.

அந்த நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலமே முதலிடம் பெற்றிருந்தது. தாய்மொழி அடுத்த வரிசையில் நின்றது. வியப்பு என்னவெனில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பாக ஏற்கப்பட்டது 1890களில்தான். அதற்கு முன்பே நம் நாட்டு மாணவர்கள் ஆங்கிலக் கவிஞர்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிக்கொண்டிருந்தனர். தம் வீட்டு மொழியின் செல்வத்தை அறியாமலே பட்டதாரிகளானோர் பலர்.

உரோமை மாநகரில்

குருவாக வேண்டும் என்ற ஆவலால் கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் 1931 முதல் 1934 வரை பயின்ற அடிகளார், பின்னர் உரோமை மாநகர் சென்று உர்பன் கல்லூரியில் இறையியல் கற்றார். 1938ஆம் ஆண்டு மார்ச்சு 19, புனித சூசையப்பர் திருநாளில் குருப்பட்டம் பெற்றார். பல நாட்டு மாணவர் கூடி வாழ்ந்த அந்த இல்லத்தில் இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகள் அவருக்கு வசப்பட்டன. ஐரோப்பிய இலக்கியங்களின் சுவையை அவர் அறிந்தார். ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மொழியின் பெருமையை எவ்வாறு போற்றிக் காக்கின்றனர் என்பதையும் கண்டார்.

வடக்கன்குளத்துத் திருப்பம்

தாயகம் திரும்பியதும் தமிழ்நாட்டில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணி ஏற்றார். முத்துக்குளித்துறைப் புன்னைக்காயலில் பிறந்து, இலத்தீன் வழிபாட்டு முறையில் இந்திய ஆயராக 1923இல் உயர்ந்த ரோச் ஆண்டகை அப்போது அந்த மறைமாவட்டத்தின் ஆயர். வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் அடிகளார் 1940 முதல் ஐந்தாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார்.

அடிகளாரின் வாழ்க்கை திரும்பிய இடம் அதுவே. உரோமையில் இறையியல் அறிஞர் எனப் பட்டம் பெற்றவர். பல மொழி வல்லவர். ஆயினும் தாய்மொழியின் பழைய இலக்கியங்களை முறையாகக் கற்றிருக்கவில்லை. இந்தக் குறையை அவர் மறைக்கவுமில்லை, பொருட்படுத்தாமல் விடவுமில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். ஏறத்தாழ முப்பது வயதில், கத்தோலிக்கக் குரு ஒருவர் ஐயர் ஒருவரிடம் தமிழ் கற்ற அந்தக் காட்சியை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கற்பதற்கு வயதுமில்லை, கற்பிப்பவரின் குலமும் சமயமும் அதற்குத் தடையுமில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்

1945இல் அவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று, தம்மினும் இளைய மாணவரோடு தமிழ் இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். தொடர்ந்து சங்கப் பாடல்களில் இயற்கை என்னும் பொருள் பற்றி ஆய்ந்து எம்.லிட். பட்டத்துக்குரிய நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் 1950களின் தொடக்கத்தில் அச்சேறியது. நிலமும் கவிதையும் என்று பொருள்படும் புதிய ஆங்கிலப் பெயருடன் 1966இல் மீண்டும் வெளிவந்தது.

இந்நூலில் அடிகளார் செய்தது என்ன? கிரேக்க, இலத்தீன், ஆங்கிலக் கவிஞர்கள் இயற்கையைப் பாடிய முறையோடு சங்கப் புலவர் பாடிய முறையை ஒப்புநோக்கினார். ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகள் வேர்ட்ஸ்வொர்த் என்னும் கவிஞரை அறிவர். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஏரி நாட்டில் வாழ்ந்தமையால், அவரையும் அவர் தோழரையும் ஏரிக் கவிஞர் என்றே அழைப்பர். மலையும் ஏரியும் அவர்களுக்கு ஆசானாகவும் ஆறுதலாகவும் விளங்கின. சங்கப் புலவர் வழி வேறு. அவர்கள் நிலத்தை ஐந்து திணையாக வகுத்து, மனித உள்ளத்தின் ஒவ்வோர் உணர்வையும் ஒவ்வொரு நிலத்தோடு பிணைத்தனர். இயற்கை அங்கே மனித வாழ்வுக்குப் பின்புலமாக அமைந்தது.

ஐந்து நிலங்களுள் நெய்தல் நம்முடையது. கழியும் உப்பளமும், புன்னையும் தாழையும், நாரையும் சுறாவும், வலை உணக்கும் மணல்மேடும், கடலுக்குச் சென்றவரை எதிர்நோக்கிக் கரையில் வருந்தும் பெண்ணும் அந்தப் பாடல்களில் உள்ளனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரதவர் வாழ்வு இலக்கியமாகிவிட்டது. இதனை உலக அறிஞர் படிக்கும் மொழியில் எடுத்துரைக்க அடிகளாருக்குக் கைகொடுத்தது அவர் கற்ற ஆங்கிலமே. பிற இலக்கியங்களை அறிந்திராவிட்டால் தமிழின் தனிச்சிறப்பு எது என்று அவரால் சுட்டியிருக்கவும் இயலாது.

தமிழ்த் தூது

1949 முதல் சப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று தமிழைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். ஆங்கிலத்தில் தமிழாராய்ச்சிக்கென ஒரு காலாண்டிதழை 1952இல் தொடங்கினார். தமிழ்ப் பண்பாடு என்று பொருள்படும் பெயர் கொண்ட அவ்விதழ் 1966 வரை வெளிவந்தது. அறிஞருக்கு ஆங்கிலத்தில் எழுதிய அதே கையால் பொதுமக்களுக்குத் தமிழில் எழுதினார். தமிழ்த்தூது, ஒன்றே உலகம் ஆகிய நூல்கள் அவ்வாறு எழுந்தவை.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். பழந்தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி ஆய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது, தமிழின் உரிமைக்காகக் குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர்.

ஏடுகளைத் தேடி

ஐரோப்பிய நூல்நிலையங்களில் உறங்கிக் கிடந்த தமிழ் ஏடுகளையும் அச்சு நூல்களையும் தேடிச் சென்றது அடிகளாரின் மற்றோர் அரும்பணி. 1554இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில், தமிழ்ச் சொற்களை இலத்தீன் எழுத்தில் அச்சிட்ட மறைக்கல்வி நூலை அவர் அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அண்ட்ரிக் அடிகளார் 1586இல் தமிழ் எழுத்தில் அச்சிட்ட அடியார் வரலாற்றின் படியை வத்திக்கான் நூல்நிலையத்தில் கண்டார். அந்த அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தோர் முத்துக்குளித்துறைப் பரதவர் என்பதை நாம் பெருமையுடன் நினைவிற்கொள்ளலாம். இந்தியாவில் தமிழ் அச்சேறிய தொடக்க நாளிலேயே மீனவர் கைப்பொருள் அதற்கு உதவியது. புரோவென்சா அடிகளார் தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியையும் வத்திக்கானில் கண்டு, 1966இல் மலாயாவில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார்.

நம் பழவேற்காடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. போர்த்துக்கேயரும், 1613இல் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரும் வாழ்ந்த துறை இது. ஒல்லாந்தச் சபையின் போதகர் ஆபிரகாம் ரொகேரியுசு 1632 முதல் 1642 வரை இங்கிருந்து, பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைத் தம் மொழியில் எழுதினார். 1651இல் அச்சான அந்நூல் வழியே ஐரோப்பியர் பலர் இந்நாட்டுச் சமய வாழ்வைப் பற்றி அறிந்தனர். அன்று வெளிநாட்டார் வந்து நம்மைப் பற்றி எழுதினர். அடிகளார் காலத்தில் நம்மவரே உலகின் மொழியில் நம்மைப் பற்றி எழுதத் தலைப்பட்டனர்.

உலகத் தமிழ் மாநாடுகள்

1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் தலைவராக அடிகளார் பொறுப்பேற்றார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, வ. அய். சுப்பிரமணியம் முதலிய அறிஞரோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா தலைவராகவும், அடிகளாரும் செக் நாட்டறிஞர் கமில் சுவலபிலும் செயலாளராகவும் அமைந்தனர். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968இல் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிசிலும், நான்காவது 1974இல் யாழ்ப்பாணத்திலும் கூடின. சென்னை மெரினாவில் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகியோரின் சிலைகள் எழுந்தது இரண்டாம் மாநாட்டின்போதே. யாழ்ப்பாண மாநாட்டின் நிறைவு நாளில், சனவரி 10 அன்று, காவல்துறையின் தலையீட்டைத் தொடர்ந்து பொதுமக்கள் உயிரிழந்தது ஆறாத துயரம்.

இறுதி ஆண்டுகளைப் பிறந்த மண்ணிலே கழித்த அடிகளார், 1980ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் யாழ்ப்பாணத்தில் இறைவனடி சேர்ந்தார்.

நமக்கு ஒரு சொல்

நம் ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடினால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். கடல்நீர் உள்ளே வராது. மீனும் இறாலும் குறையும். படகு வெளியே போக வழியிராது. மொழிக்கும் அதுவே நிலை. அடிகளாருக்கு ஆங்கிலம் ஒரு முகத்துவாரமாயிற்று. அதன் வழியே உலக இலக்கியம் அவரிடம் வந்தது. அதன் வழியே தமிழ் உலகுக்குச் சென்றது. ஆனால் முகத்துவாரம் திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே ஏரியும் இருத்தல் வேண்டும். முப்பது வயதில் பண்டிதர் முன் அமர்ந்து அவர் நிரப்பிக்கொண்டது அந்த ஏரியையே.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ ஆங்கில இலக்கியம் படிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி செல்லும் பிள்ளைக்கு அந்தப் பாடம் முதலாண்டில் கடினமாகவே இருக்கும். சோர்ந்து திரும்பும் மாலையில் அன்பாக இரு சொல் கூறுங்கள். மாணவச் செல்வங்களே, ஏரிக் கவிஞரைப் படியுங்கள். அத்துடன் நெய்தல் பாடல்களையும் படியுங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் வலைக்கும் உங்கள் பாட்டனார் வழங்கும் சொற்களைக் கேட்டு ஏட்டில் குறித்து வையுங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் உங்களுக்குத் தர இயலாத செல்வம் அது. அதனை உலகறிய எழுத உங்களுக்குள் ஒருவர் முன்வருவாரானால், தனிநாயகம் அடிகளாரின் பணி நம் ஏரிக்கரையிலும் தொடரும்.

அந்த நாள் விரைவில் வருக என இந்த ஜூபிலி வேளையில் இறைவனை வேண்டுகிறோம்.