சகஜானந்த அடிகள்

பிறர் படும் துன்பத்தைக் கண்டு மனம் இரங்குதல் அன்பு எனப்படும். அத்துன்பத்தை நீக்குதற்கு உடலாலும் பொருளாலும் முயலுதல் தொண்டு எனப்படும். துன்பம் செய்வாரை நேர்நின்று நோக்கி, இது தகாது என்று அஞ்சாமல் எடுத்துரைத்தல் துணிவு எனப்படும். இம்மூன்றும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிது. இரக்கமுடையார் பலர் அச்சத்தால் ஒதுங்கிவிடுவர். துணிவுடையார் சிலர் அன்பு இன்மையால் தாம் எதிர்த்த கொடுமையையே தாமும் செய்யத் தொடங்கிவிடுவர். அன்பும் தொண்டும் துணிவும் ஒருங்கே அமையப் பெற்று, இகழப்பட்ட சிறுவர் சிறுமியரைப் பள்ளியில் தலைநிமிர்ந்து அமரச் செய்த பெரியார் ஒருவர் சிதம்பரத்தில் வாழ்ந்தார். அவரே சகஜானந்த அடிகள்.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஆரணிக்கு அண்மையில் மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் அண்ணாமலை, அலமேலு என்போர்க்கு மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி என்பது. ஆதிதிராவிடர் குலத்தில் உழைத்து உண்ணும் எளிய குடும்பம் அது. செல்வம் இல்லை, நிலம் இல்லை. எனினும் தம் மகன் எழுத்தறிவு பெறல் வேண்டும் என்னும் வேட்கை மட்டும் அப்பெற்றோர்க்குக் குறைவின்றி இருந்தது.

அந்நாளில் அவ்வேட்கை நிறைவேறுதல் எளிதன்று. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர் வீட்டுப் பிள்ளைகளைப் பல பள்ளிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. சேர்த்துக்கொண்ட இடங்களிலும் அவர்கள் ஏனைய மாணவரோடு ஒரே பலகையில் அமர இயலாது. திண்ணையின் ஓரத்திலோ வகுப்பின் மூலையிலோ ஒதுங்கி இருந்து பாடம் கேட்டனர். தாகம் எடுத்தால் பானையைத் தாமே தொடுதல் கூடாது. பிறர் ஒருவர் மேலிருந்து நீர் ஊற்ற, இரு கைகளையும் குவித்து ஏந்திக் குடித்தல் வேண்டும். ஊற்றுவார் வரும்வரை தாகத்தைப் பொறுத்திருத்தல் வேண்டும். இவற்றோடு உடன் பயில்வோரின் ஏளனப் பேச்சும் எள்ளல் நகையும் நாள்தோறும் அப்பிள்ளைகளின் நெஞ்சைச் சுட்டன. அறிவு பெற வந்த இடத்தில் அவமதிப்பைப் பெற்று, பலர் பள்ளியை விட்டே நீங்கினர்.

இந்நிலையில் கிறித்தவ சபையார் நிறுவிய பள்ளிகள் எளியோர்க்குக் கல்வி வாயிலைத் திறந்துவிட்டன. கடலூர் வட்டாரத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிய சபையாரும், திண்டிவனத்தில் அமெரிக்க ஆர்க்காட்டுச் சபையாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல்விப் பணி ஆற்றத் தொடங்கினர். ஊர்ப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற முனுசாமி, திண்டிவனத்துப் பள்ளியிற் சேர்ந்து பயின்றார். கூரிய அறிவும் குன்றா ஊக்கமும் உடைய அம்மாணவர் எல்லாப் பாடங்களிலும் முன்னின்றார். கிறித்தவ மறைநூலையும் கருத்தூன்றிக் கற்று ஆசிரியர்களின் பாராட்டைப் பெற்றார்.

அவருடைய திறம் கண்ட ஆசிரியர்கள் அவர் கிறித்தவ சமயத்தைத் தழுவுதல் வேண்டும் என விரும்பினர். சோறும் கல்வியும் அளித்தோரின் விருப்பத்தை மறுத்தல் ஓர் ஏழைச் சிறுவனுக்கு எளிய செயலோ? ஆம் என்று ஒரு சொல் உரைத்தால் படிப்புத் தொடரும். மறுத்தால் எதிர்காலமே இருண்டுபோகும். அந்நிலையிலும் முனுசாமி தம் மனம் ஒப்பாத ஒன்றை ஒப்பியதாகக் கூற இசையவில்லை. பணிவோடு மறுத்தார். அதனால் அவர் படிப்பு இடையில் நின்றது. தமக்குக் கல்வி தந்தோரைப் பகைத்தல் வேறு. தம் மனச்சான்றைக் காத்தல் வேறு. இவ்வேறுபாட்டை அவர் அவ்விளமையிலேயே உணர்ந்திருந்தார்.

அக்காலத்தில் வட ஆர்க்காட்டு உழைப்பாளர் பலர் பிழைப்பை நாடி மைசூர் நாட்டிலிருந்த கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். நிலத்தைத் துளைத்து, இருளிலும் வெப்பத்திலும் பொன் எடுக்கும் கடுந்தொழில் அங்கு நடைபெற்றது. பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. முனுசாமியின் குடும்பமும் அத்தங்கவயலை அடைந்தது. அங்கு அவர் உழைப்பாளர் படும் துயரங்களை நேரிற் கண்டார். பொன்னை வெளிக்கொணரும் கைகள் வறுமையில் வாடுவதையும், கல்லாமை அவர்களை மேலும் தாழ்த்துவதையும் எண்ணி எண்ணி வருந்தினார். துறவு நாட்டமும் அவர் உள்ளத்தில் அரும்பியது.

ஞானாசிரியரைத் தேடிய அவ்விளைஞர் சென்னை வியாசர்பாடியில் விளங்கிய கரபாத்திர சுவாமிகளை அடைந்தார். உண்கலம் வேண்டாது கையையே கலமாகக் கொண்டமையால் அத்துறவியார் அப்பெயர் பெற்றார். அவர் மாணவரின் பிறப்பை ஆராயவில்லை. உள்ளத்தின் பக்குவத்தையே நோக்கினார். அவரிடம் தமிழும் வடமொழியும் சமய நூல்களும் பயின்ற முனுசாமி, சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரைப் பெற்றார்.

1910ஆம் ஆண்டு, இருபது வயது இளந்துறவியாக, அடிகள் சிதம்பரத்தை வந்தடைந்தார். தில்லை என்று புகழப்படும் அத்திருநகர் நந்தனார் வரலாற்றோடு தொடர்புடையது. ஆதனூரில் தாழ்ந்த குலம் எனப்பட்ட ஒன்றிற் பிறந்த நந்தனார், தில்லைக் கூத்தனைக் காணும் வேட்கையால் நாளைப் போவேன் என்று நாள்தோறும் கூறி ஏங்கியதனால் திருநாளைப்போவார் எனப்பட்டார். அவர் தீயில் மூழ்கி எழுந்து இறைவனை அடைந்தார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்திற் பாடினார். நகரின் ஒருபுறத்தே உள்ள ஓமக்குளத்தை அந்நிகழ்ச்சி நடந்த இடமாக மக்கள் கருதுகின்றனர். அங்குள்ள நந்தனார் மடத்தையே அடிகள் தம் பணிக்குரிய இடமாகக் கொண்டார்.

நந்தனார் காலம் முடிந்து பல நூற்றாண்டுகள் சென்றும், அவர் பிறந்த குலத்துப் பிள்ளைகள் பள்ளி வாயிலில் இன்னும் நாளைப் போவேன் என்று ஏங்கி நிற்பதை அடிகள் கண்டார். கோயிற் கதவைக் காட்டிலும் முதலில் திறக்க வேண்டியது கல்விக் கதவு என்று துணிந்தார். 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளியைத் தொடங்கினார்.

பள்ளி தொடங்குதல் எளிது. அதனை நடத்துதல் அரிது. துறவியாகிய அடிகளிடம் சொந்தப் பொருள் இல்லை. ஊர் ஊராகச் சென்றார், பொருளுடையாரை அணுகினார், பிள்ளைகளின் பொருட்டுக் கை நீட்டுதற்கு அவர் வெட்கப்படவில்லை. பயில வந்த பிள்ளைகள் மிக எளியவர். காலையிற் கூலி வேலைக்குச் சென்றால் அன்றி மாலையில் கஞ்சி காணாத குடும்பத்தினர். அத்தகையோர்க்கு எழுத்தை மட்டும் கற்பித்தாற் போதாது. உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும். ஆகவே விடுதியும் அமைத்தார். ஆண் பிள்ளைகளோடு நில்லாது பெண் பிள்ளைகளின் கல்வியிலும் கருத்தைச் செலுத்தினார். அவர் இட்ட வித்து வளர்ந்து, இன்று நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள், பெண்கள் அரசு மேல்நிலைப் பள்ளிகளாகச் சிதம்பரத்தில் விளங்குகின்றது.

அப்பள்ளியின் சிறப்புக் கட்டடத்தில் இல்லை. வேறு இடங்களில் மூலையில் ஒதுக்கப்பட்ட பிள்ளை அங்கு நடுவில் அமர்ந்தது. கை ஏந்தி நீர் குடித்த பிள்ளை அங்குத் தானே மொண்டு குடித்தது. இகழ்ச்சிப் பெயரால் விளிக்கப்பட்ட பிள்ளை அங்குத் தன் பெயரால் அழைக்கப்பட்டது. தன்னை இழிந்தவன் என்று நம்பியிருந்த நெஞ்சில் நானும் பிறரைப் போன்றவனே என்னும் எண்ணம் வேரூன்றியது. பாடநூல் தரும் அறிவினும் இவ்வெண்ணம் தந்த வலிமை பெரிது.

1927ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் காந்தியடிகள் சிதம்பரத்திற்கு வந்தார். நந்தனார் வாழ்ந்து சிறந்த ஊருக்கு வந்ததைத் தாம் பெற்ற பேறாகக் கருதி உரையாற்றினார். நந்தனார் தடைகளைத் தகர்த்தது வசைமொழியாலோ வன்செயலாலோ அன்று. தம்மைத் துன்புறுத்தியோரும் நாணித் திருந்துமாறு தூய துன்பத்தைத் தாமே ஏற்றமையால் என்பது அவர் உரையின் சாரம். சகஜானந்த அடிகளும் அந்நெறியிலேயே நின்றார். தம் மக்களை இகழ்ந்தோரை அவர் திரும்ப இகழவில்லை. ஆனால் இகழ்ச்சியைப் பொறுத்துக்கொண்டு வாளா இருக்கவும் இல்லை.

பள்ளியிற் செய்த பணியை அவர் சட்டமன்றத்திலும் தொடர்ந்தார். 1926ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் சென்னைச் சட்டமன்றங்களில் உறுப்பினராக விளங்கினார். 1952, 1957 ஆகிய ஆண்டுகளின் பொதுத் தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். காவி உடுத்த துறவியார் அவையில் எழுந்து பேசியவை பெரும்பாலும் உலகியல் தேவைகளே: எளிய பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, குடியிருக்க மனை, உழுதற்கு நிலம், குடிக்க நீர். பசித்த வயிற்றோடு இருப்பவனுக்கு ஞானம் பேசுதலால் பயன் இல்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆலயக் கதவுகள் எல்லார்க்கும் திறத்தல் வேண்டும் என்பதற்காகவும் அவர் வாதாடினார். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவு உரிமையை விரிவாக உறுதி செய்த சட்டம் 1947ஆம் ஆண்டு நிறைவேறியது. தீண்டாமையை ஒழித்த இந்திய அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அடிகள் தம் வாழ்நாளிலேயே இவற்றைக் காணும் பேறு பெற்றார்.

அவர் பணியாற்றிய அவ்வட்டாரத்திலேயே, காட்டுமன்னார்கோயிற் பகுதியில், 1924ஆம் ஆண்டு பிறந்தவர் இளையபெருமாள். அவர் பயின்ற பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கெனத் தனியே ஒரு தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டிருந்தது. அவ்விழிவைப் பொறாத அம்மாணவர் அப்பானையை உடைத்தார். மீண்டும் பானை வைக்கப்பட்டது, மீண்டும் உடைந்தது. முடிவில் எல்லா மாணவர்க்கும் ஒரே பானை என்னும் நிலை வந்தது. அவர் சினம் எந்த மாணவன்மேலும் பாயவில்லை. அவமதிப்பின் அடையாளமாகிய மட்பானையின்மேலேயே பாய்ந்தது. அம்மாணவரே பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகி, தீண்டாமைக் கொடுமைகளை ஆராய 1965ஆம் ஆண்டு நடுவணரசு அமைத்த குழுவிற்குத் தலைவரானார். ஒரு பள்ளியில் எழுந்த நீதி உணர்ச்சி நாடளாவிய பணியாக வளர்ந்ததற்கு இது சான்று.

சகஜானந்த அடிகள் 1959ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். குடும்பமும் செல்வமும் இல்லாத அவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரே ஊரில் ஒரே பணியில் நிலைத்து நின்று, பல குடும்பங்களில் முதன்முதலாக விளக்கு ஏற்றினார். அவர் நினைவாகச் சிதம்பரத்தில் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

மாணவர்களே! அக்காலத்துக் கொடுமைகள் பல இன்று சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டன. எனினும் பள்ளிகளில் ஏளனம் முற்றும் ஒழிந்துவிட்டதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒருவன் நிறத்தைக் குறித்து நகைத்தல், மற்றொருவன் திக்கிப் பேசுவதைப் போல நடித்துக் காட்டல், ஒருத்தியின் கிழிந்த ஆடையைச் சுட்டிப் பேசுதல், தந்தையின் தொழிலைச் சொல்லி இழித்தல், வலிமை குறைந்தவனிடம் தின்பண்டத்தைப் பறித்தல் ஆகிய இவை எல்லாம் சிறுமையே. செய்பவர்க்கு அது சிறுபொழுது விளையாட்டு. படுபவர்க்கோ இரவெல்லாம் உறக்கம் வாராத துன்பம்.

அத்தகைய காட்சியைக் காணும்போது நீங்கள் செய்யத் தக்கவை சில உள. முதலாவது, உடன் சேர்ந்து நகையாதிருங்கள். காண்பார் நகைப்பே கொடியவனுக்கு ஊக்கம் ஆகும். இரண்டாவது, இகழப்பட்டவன் அருகிற் சென்று அமருங்கள். தனிமை நீங்கினால் அவன் அச்சம் பாதி நீங்கும். மூன்றாவது, இது தகாது என்று அமைதியாக, ஆயினும் தெளிவாகக் கூறுங்கள். அடிக்கு அடி கொடுக்க முற்படாதீர்கள். நான்காவது, கொடுமை தொடருமாயின் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் மறையாது உரையுங்கள். பிறனுக்குத் தீங்கு செய்தற்பொருட்டுச் சொல்வதே கோள். பிறனைத் தீங்கிலிருந்து காத்தற்பொருட்டுச் சொல்வது கடமை. உங்களையே ஒருவர் துன்புறுத்தினாலும் வாய்மூடி இராதீர்கள். துன்பத்தை வெளியிடுதல் கோழைமை அன்று.

நாளை உங்கள் வகுப்பில் யாரேனும் ஒருவர் தனியே அமர்ந்து உண்பதைக் கண்டால், உங்கள் உணவை எடுத்துக்கொண்டு அவர் அருகே செல்லுங்கள். சகஜானந்த அடிகள் வாழ்ந்து காட்டிய தொண்டு நெறியில் உங்கள் முதல் அடி அதுவாக அமையட்டும்.