ஆகாயத்துக்குப் பத்திரிகை கண்ட நதார்

செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் பாதையில் உள்ள சோழவரத்தில் இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஒரு விமானத் தளம் அமைந்தது. யுத்தம் முடிந்தபின் அதன் ஓடுபாதையில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. விமானம் இன்று நமக்கு அதிசயமன்று. ஆனால் காற்றினும் கனத்த யந்திரம் பறக்கும் என்று சொன்னவர்களை உலகம் நகைத்த காலமும் உண்டு. அந்நாளில் அக்கொள்கைக்கென்றே பத்திரிகை தொடங்கிய ஒருவரின் சரித்திரத்தை இன்று நேயர்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

அவர் பெயர் காஸ்பார் பெலிக்ஸ் தூர்னாஷோன். நதார் என்பது அவர் பூண்ட புனைபெயர். 1820-ம் ஆண்டு பாரிஸில் பிறந்தார். தந்தையார் புத்தகங்களை அச்சிட்டு வெளியிடும் தொழிலினர், அத்தொழில் நொடித்தது, 1837-ல் அவர் காலமானார். மைந்தர் வைத்தியக் கல்வியை நடுவில் விடுத்துப் பத்திரிகைகளுக்கு எழுதியும் கேலிச் சித்திரம் தீட்டியும் ஜீவித்தார். 1848-ல் போலந்து தேசத்தை அந்நிய ஆட்சியினின்றும் மீட்கப் புறப்பட்ட தொண்டர் படையில் சேர்ந்து, வழியில் சிறைப்பட்டுத் திரும்பினார். பிறர் தேசத்தின் விடுதலையையும் தம் விடுதலையாக எண்ணிய உள்ளம் அது.

பின்னர் புகைப்படக் கலையில் புகுந்து பெரும் புகழ் எய்தினார். 1858-ல் பலூனில் ஏறி, ஆகாயத்திலிருந்து பூமியை முதன்முதல் படம் பிடித்தவர் அவரே. பலூனில் ஏறியதாலேயே அதன் குறையையும் அவர் அறிந்தார். பலூன் காற்றுக்கு அடிமை. அது போகுமிடம் போகுமேயன்றி, நாம் விரும்புமிடம் போகாது. ஆகவே 1863-ல் பொந்தோன் தமெகூர், லாந்தெல் என்னும் இருவரோடு சேர்ந்து, கனத்த யந்திரத்தால் பறக்கும் முயற்சியை ஊக்க ஒரு சங்கம் கண்டார். நாவலாசிரியர் ஜூல் வெர்னும் அதில் பங்கேற்றார். சங்கத்தின் குரலாக எழுந்ததே லேரொநோத் என்னும் பத்திரிகை.

கொள்கை இருந்தது, பணம் இல்லை. பணம் திரட்ட நதார் செய்த யுக்தி விசித்திரமானது. பலூனை ஒழிப்பதற்காகவே 6,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள மாபெரும் பலூன் ஒன்றைச் செய்வித்தார். இராக்ஷதன் எனப் பெயரிட்ட அது 1863 அக்டோபர் 4-ந் தேதி மக்கள் திரள் காண எழும்பி, அன்றிரவே இறங்கிவிட்டது. அதே மாதம் 18-ந் தேதி மீண்டும் எழும்பி, ஜெர்மனியின் ஹானோவர் பிரதேசத்தில் காற்றால் தரையோடு இழுபட்டது. நதாரும் அவர் மனைவியாரும் காயமுற்றனர். எதிர்பார்த்த வருவாய் கிட்டவில்லை, நஷ்டமே மிஞ்சியது. அவர் பத்திரிகையும் சில இதழ்களோடு நின்றது.

நிற்க. 1870 செப்டம்பரில் பிரஷ்ய சைன்யம் பாரிஸை முற்றுகையிட்டது. நகரத்தின் வாய் அடைபட்டது. நதார் தாம் பழித்த பலூனையே தேசத்தின் பணிக்கு எடுத்தார். மோன்மார்த்ர் குன்றிலுள்ள மைதானத்தில் பலூன் நிலையம் அமைத்தார். அங்கிருந்து செப்டம்பர் 23-ந் தேதி துய்ரூப் என்பவர் தபால் மூட்டைகளுடன் முதலில் எழும்பினார். அக்டோபர் 7-ந் தேதி மந்திரி காம்பெத்தாவும் அவ்வாறே வெளியேறிப் புதுப்படை திரட்டினார். முற்றுகை முடிவதற்குள் 60-க்கும் மேற்பட்ட பலூன்கள் சுமார் 20 லட்சம் கடிதங்களை வெளியே கொண்டு சென்றன.

ஆயினும் பதில் கொண்டுவரும் பலூன் ஒன்றேனும் பாரிஸுக்குத் திரும்ப இயலவில்லை. புகைப்படத்தால் நுண்ணியதாக்கிய பதில்களைப் புறாக்களே சுமந்து வந்தன. நின்றுபோன பத்திரிகை எடுத்துரைத்த உண்மை இவ்வாறு தேசத்தின் துயரத்திலேயே நிரூபணமாயிற்று.

1903-ல் அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தது. 1909-ல் பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதையும் அறிந்த பின்னரே, 1910 மார்ச்சில், தமது 89-ம் வயதில் நதார் கண்மூடினார். ஓராண்டு கழிவதற்குள், 1911 பிப்ரவரி 18-ந் தேதி, பெகே என்னும் பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டுபோனார். உலகின் முதல் விமானத் தபால் நம் கங்கை யமுனைக் கரையிலேயே நடந்தது.

தேசத் தொண்டில் இறங்குவோர் இச்சரித்திரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டுமென்போம். கொள்கைக்காகக் கைப்பொருளை இழந்தவர் நதார். ஆனால் தேசம் இடருற்றபோது, தம் கொள்கைக்கு மாறான கருவியென்று பலூனை ஒதுக்கினாரில்லை. பத்திரிகை நின்றதால் கொள்கை தோற்றதென்றும் அவர் எண்ணவில்லை. சந்தாதாரர் தொகையைக் கொண்டு ஒரு பத்திரிகையின் வெற்றியை அளப்போர் உளர். அது விதைத்த எண்ணம் முளைத்ததா என்பதையே நாம் கேட்போம்.